வேரறுத்த ஆண்டின் விலை

2018 அக்டோபரில், நியூயார்க்கில், ஸாதபீஸ் ஏல நிறுவனம் ஒரே ஒரு புட்டி ஒயினை 5,58,000 டாலருக்கு விற்றது. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரொமானே கிராமத்துத் தோட்டமொன்றில் விளைந்த ரொமானே-கோந்தி என்னும் செந்நிற ஒயின் அது; 1945ஆம் ஆண்டின் அறுவடை. அதே ஏலத்தில் அதன் உடன்பிறப்பான இன்னொரு புட்டி 4,96,000 டாலருக்குப் போயிற்று. அன்றுமுதல் இந்த ஒயினைப் பற்றி எழுதப் புகுவோர் அத்தொகையைச் சொல்லாமல் அடுத்த வரிக்கு நகர்வதே இல்லை. கூடவே ஒரு மந்திரத்தையும் ஓதிவிடுகிறார்கள்: கைபடாத மண், அறுபடாத மரபு, வழிவழியாக ஒரே குடும்பம். இம்மூன்றில் ஒன்றும் முழுதாகத் தேறாது என்பது எங்கள் வாதம். அதுமட்டுமல்ல, இத்தோட்டத்தின் உண்மையான பெருமையை மறைப்பதும் இந்த மந்திரமே.

முதலில் குடும்பம். தோட்டத்தின் பரப்பு 1.8 ஹெக்டேர், ஏறத்தாழ நாலரை ஏக்கர். மத்திய காலத்தில் இது சேன்-விவான் மடத்துத் துறவிகளின் உடைமை. 1631இல் குரூனம்பூர் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. 1760இல் கோந்தி இளவரசர் லூயி பிரான்சுவா விலைக்கு வாங்கினார். புரட்சி அரசு அதைப் பறிமுதல் செய்து விற்றது. பின்னர் கைமாறிக் கைமாறி 1869இல் துவோ-புளோஷே என்பவரிடம் வந்தது. அவருடைய வாரிசுகளிடமிருந்து பெண்வழி மணவுறவின் மூலம் த விலேன் குடும்பம் உள்ளே நுழைந்தது. 1942இல் உடைமையின் பாதியை ஆன்ரி லெருவா என்ற ஒயின் வணிகர் வாங்கினார். ஆக இன்று இது இரு குடும்பங்கள் பங்குதாரர்களாக உள்ள ஒரு நிறுவனம். பங்காளிக் காய்ச்சலுக்கும் குறைவில்லை. 1992இல், விநியோக உரிமை சார்ந்த பிணக்கில், இணை நிர்வாகியாயிருந்த லலு பீஸ்-லெருவா வெளியேற்றப்பட்டார். அவர் ஆன்ரி லெருவாவின் மகள்.

பெயரின் கதை இன்னும் சுவையானது. கோந்தி இளவரசர் இந்த ஒயினைச் சந்தைக்கே அனுப்பவில்லை. தம் விருந்து மேசைக்கென வைத்துக்கொண்டார். தோட்டத்தின் பெயரோடு ‘கோந்தி’ ஒட்டிக்கொண்டது அவர் இறந்த பிறகு, 1794இல், புரட்சி அரசு அதை விற்பனைக்கு அறிவித்தபோது. இளவரசர்களின் உடைமைகளைப் பறித்த அரசு, நல்ல விலை கிடைக்க வேண்டி இளவரசரின் பெயரையே விளம்பரமாக்கியது! கிராமமும் பின்தங்கிவிடவில்லை. வெறும் ‘வோன்’ என்றிருந்த ஊர், 1866இல் தோட்டத்தின் புகழைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு வோன்-ரொமானே ஆயிற்று.

கைபடாத மண் என்பதோ வெறும் கற்பனை. சரிவான நிலம் அது. மழை மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோகும். 18ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வண்டி வண்டியாக மண் கொணர்ந்து இங்கே கொட்டியிருக்கிறார்கள். மண்ணின் மகத்துவத்தை நாங்கள் மறுக்கவில்லை. பினோ ந்வார் என்ற அதே திராட்சை சில நூறு அடிகள் தள்ளி வேறொரு ஒயினாகிறது என்பதைப் பர்கண்டியின் உழவர்கள் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள். அந்த அறிவு கவனித்தும் தோண்டியும் சுமந்தும் பெறப்பட்டது. அதை மர்மமாக்கி விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இனி மரபு. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் 1945 வரை ஒரு பொருளில் அது அறுபடாமல்தான் இருந்தது. பழைய கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டு, அதிலிருந்தே புதிய கொடியை எழுப்புவது பர்கண்டியின் பழைய முறை. நட்டவர் மறைந்தாலும் கொடி தொடரும். 1860களில் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி அமெரிக்கக் கொடிகளோடு பிரான்சுக்குள் நுழைந்து, வேர்களைத் தாக்கி நாடெங்கும் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மருந்தும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. மற்றவர்கள் ஒட்டுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ரொமானே-கோந்தியில் மட்டும் மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடைச் செலுத்திச் செலுத்திச் சொந்த வேரிலேயே கொடிகளைக் காத்தார்கள். பெரும் செலவு பிடிக்கும், சலிப்பூட்டும் வேலை. இரண்டாம் உலகப் போரில் அந்த வேதிப்பொருளுக்குத் தட்டுப்பாடு, ஆள்பற்றாக்குறை வேறு. கொடிகள் நலிந்தன. 1945இல் கிடைத்தது ஏறத்தாழ 600 புட்டிகள் மட்டுமே.

அந்த அறுவடையோடு அவற்றை வேரோடு பிடுங்கினார்கள்.

அண்டையில் தங்களுக்கே சொந்தமான லா தாஷ் தோட்டத்திலிருந்து குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி, 1947இல் மறுநடவு செய்தார்கள். 1946 முதல் 1951 வரை ரொமானே-கோந்தி என்ற பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டில், தம் ஒயின்களிலேயே புகழ்மிக்க ஒன்றை ஆறு ஆண்டுகள் இல்லாமலாக்கிக்கொள்ளத் துணிந்திருக்கிறார்கள். இளங்கொடிகளின் பழத்தைப் பிழிந்து அதே பெயரை ஒட்டி விற்றிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? மீண்டும் அந்தப் பெயர் வெளிவந்தது 1952இன் அறுவடையில். இன்று நம் காலத்தில் புகழப்படும் ரொமானே-கோந்தி முழுவதும் அமெரிக்க வேரில் நிற்பது. பிடுங்கி நட்ட கைகளால் ஆனது. குடும்பம் என்ற சொல்லுக்கு இங்கே ஏதேனும் கனம் உண்டென்றால், அது இந்த ஆறு ஆண்டுகளில்தான் இருக்கிறது; குடிவழிப் பட்டியலில் இல்லை.

சந்தை எதைக் கொண்டாடுகிறது? பிடுங்குவதற்கு முந்தைய கடைசி அறுவடையை. 600 புட்டிகள், பழைய வேர், போர் முடிந்த ஆண்டு — நினைவுச்சின்னத்துக்கு வேண்டிய எல்லாம் பொருந்திவிட்டன. புட்டியைத் திறந்தால் அதன் விலை சுழியம், ஆகவே திறப்பதில்லை. கோந்தி இளவரசர் தன்னலக்காரர்தான், ஆனால் அவராவது குடித்தார். (நாங்கள் இதை ஒரு மிடறுகூடக் குடித்ததில்லை. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக உருகுவோரில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்பதும் கேட்கத்தக்கதே.)

குடிக்கப்படாத ஒயினை யாரும் சோதிப்பதில்லை. பொய்யருக்கு அதைவிடப் பொன்னான இடம் ஏது? ரூடி குர்னியவான், தம் வீட்டிலேயே கலவை செய்து பழைய புட்டிகளில் அடைத்து அமெரிக்கச் செல்வர்களுக்கு விற்றார். ரொமானே-கோந்தியின் மீதிருந்த மோகத்தால் அவருக்கு ‘டாக்டர் கோந்தி’ என்றே பட்டப்பெயர். 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பு. 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. அவரை அம்பலப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் பர்கண்டியின் இன்னொரு குடும்பத் தோட்டத்துக்காரரான லோரான் போன்சோ. தம் குடும்பம் 1980களில்தான் அடைக்கத் தொடங்கிய ஒயினுக்கு 1945 என்று சீட்டு ஒட்டியிருந்ததை 2008இல் ஓர் ஏலப் பட்டியலில் கண்டு, நேரே நியூயார்க் போய் ஏலத்தைத் தடுத்தார். நிபுணர்கள் நாவால் கண்டுபிடிக்காததைத் தோட்டக்காரர் நாள்காட்டியால் கண்டுபிடித்தார்.

2010இல் ஒருவன் தோட்டத்துக்கு மிரட்டல் அனுப்பினான்: பத்து இலட்சம் யூரோ தராவிட்டால் கொடிகளுக்கு நஞ்சிடுவேன் என்று. சொன்னதை மெய்ப்பிக்க ஓரிரு கொடிகளைத் துளையிட்டு நஞ்சையும் ஏற்றியிருந்தான். பிடிபட்டான். கயவன்தான், ஆயினும் இத்தோட்டத்தின் உயிர் கொடியில் இருக்கிறது என்பது அவனுக்காவது தெரிந்திருந்தது.

விலை உயர்ந்தால்தானே தோட்டம் பிழைக்கும், உழவுக்குக் குதிரை கட்டவும் இரசாயனமற்ற வேளாண்மை செய்யவும் பணம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. தோட்டம் தன் ஒயினை முதல்முறை விற்கும்போது பெறும் விலை பற்றி எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அந்த 5,58,000 டாலரில் விற்பனை விலையாக ஒரு காசும் வோன்-ரொமானே போய்ச் சேரவில்லை. புட்டி இருந்தது போன் நகரத்து ஒயின் வணிகர் ரொபேர் துரூவானின் நிலவறையில். பணம் விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் உரியது. அப்பணத்தால் நடப்பட்ட கொடி அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த ஏலப் பட்டியலில் 1952 அறுவடைப் புட்டி ஒன்று இடம்பெறுமானால், அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்பதையும் விலைக்குப் பக்கத்தில் ஒரு வரி அச்சிடட்டும்.