எல்லாம் ஓகே என்று சொன்ன பச்சைக்குறி! - வெப்சைட்களை வெளியூரிலிருந்து கண்காணிக்கும் ரோபோக்கள்

2017 பிப்ரவரி 28, இந்திய நேரப்படி இரவு 11.07 மணி. அமேசானின் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ்-ஸில் ஓர் ஊழியர், வடக்கு வர்ஜீனியாவில் இயங்கும் சில சர்வர்களை மட்டும் நிறுத்துவதற்காக ஒரு கட்டளையைக் கொடுத்தார். டைப் செய்ததில் ஒரு சின்னப் பிழை. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நின்றுபோயின. 'எஸ்3' என்ற சேமிப்புச் சேவை முடங்கியது. அதை நம்பியிருந்த ஏராளமான வெப்சைட்களும் ஆப்களும் வரிசையாகப் படுத்துவிட்டன.

இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. எந்தச் சேவை நன்றாக இருக்கிறது, எது பழுது என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஏ.டபிள்யூ.எஸ் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறது. உலகமே தவித்துக்கொண்டிருந்தபோதும் அந்தப் பக்கம் 'எல்லாம் ஓகே' என்று பச்சைக்குறி காட்டிக்கொண்டிருந்தது. காரணம், அந்தக் குறிகளை மாற்றும் கருவியும் அதே எஸ்3-ஐத்தான் நம்பியிருந்தது! சுமார் இரண்டு மணி நேரம் அதை மாற்ற முடியாமல், ட்விட்டரில் தகவல் சொல்ல வேண்டியதாயிற்று.

தீப்பிடித்தால் சத்தம் போட வேண்டிய காவலாளியையும் அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது. வெப்சைட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அது இருக்கும் இடத்திலிருந்தே பார்த்தால் போதாது, வெளியே நின்றும் பார்க்க வேண்டும் என்பதை ஊருக்கே புரியவைத்த நாள் அது.

சுரங்கத்துக்குள் போன குருவி

வெளியே நின்று பார்க்கும் இந்த வேலைக்கு 'சிந்தெடிக் மானிட்டரிங்' என்று பெயர். மனிதர்களுக்குப் பதிலாக, ரோபோ வாடிக்கையாளர் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வெப்சைட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை என்று வைத்தால், ஒரு நாளைக்கு 288 முறை.

ஏ.டபிள்யூ.எஸ் தன் கிளவுடில் தரும் இந்த ரோபோவுக்கு வைத்திருக்கும் பெயர் 'கேனரி'. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கேனரி என்ற குருவியைக் கூண்டோடு எடுத்துச் செல்வார்கள். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதர்களுக்கு முன்பே குருவி மயங்கிவிடும். அதைப் பார்த்து ஆட்கள் வெளியேறுவார்கள். 1986-ல்தான் குருவிகளுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கருவிகளைக் கொண்டுவர அங்கே முடிவானது. வாடிக்கையாளருக்கு மூச்சு முட்டும் முன் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் டிஜிட்டல் கேனரியின் வேலையும்.

பக்கம் திறந்தால் போதுமா?

போதாது. நல்ல ரோபோ முகப்புப் பக்கத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாது. சோதனைக்கென்று உருவாக்கிய கணக்கில் லாகின் செய்யும், பொருளைத் தேடும், கூடையில் போடும், பணம் கட்டும் பக்கம்வரை போகும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று குறித்துக்கொள்ளும். எங்காவது சிக்கினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பும்.

இந்தப் படிகள் ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்க அரசின் 'ஹெல்த்கேர்.கவ்' நல்ல உதாரணம். மருத்துவக் காப்பீடு இல்லாத மக்களுக்காக 2013 அக்டோபர் 1-ம் தேதி தொடங்கப்பட்ட வெப்சைட் அது. லட்சக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். ஆனால், கணக்கு தொடங்கும் இடத்திலேயே பெரும்பாலானோர் மாட்டிக்கொண்டார்கள். முதல் நாளில் கடைசிப் படிவரை போய்க் காப்பீடு எடுத்தவர்கள் வெறும் 6 பேர் என்று பின்னர் வெளியான அரசு ஆவணக் குறிப்புகள் காட்டின. தொடக்கம் முதல் முடிவுவரை சேர்த்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்த நிறுவனங்கள் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டன. காத்திருந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள் என்பதுதான் இதில் வேதனை.

ஏன் பல ஊர்களிலிருந்து?

ஃபைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆக, எந்த நெரிசலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்வர 130 மில்லி செகண்டாவது ஆகும். முகவரி கேட்பது, இணைப்பு போடுவது, பாதுகாப்பு சரிபார்ப்பது, படங்களை இறக்குவது என்று ஒரு பக்கத்துக்காகப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். பத்து முறை என்றாலே ஒன்றேகால் விநாடி வழியிலேயே போய்விடும். வர்ஜீனியாவில் இருப்பவருக்குக் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும் பக்கம், மதுரைக்காரருக்குச் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அதற்காக ஊர் ஊராக ஆபீஸ் பிடிக்க வேண்டியதில்லை. கிளவுட் நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் உலகெங்கும் இருக்கின்றன. ஏ.டபிள்யூ.எஸ்-ஸுக்கு இந்தியாவில் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. அங்கே ரோபோவை வாடகைக்கு இருத்திவிடலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் 'சைட்24x7' இதே தொழிலில்தான் இருக்கிறது. உலகின் 130-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து சோதிக்கலாம் என்கிறது அந்த நிறுவனம்.

பல ஊர்களில் ஆள் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மும்பையில் மட்டும் திறக்கவில்லை, மற்ற ஊர்களில் சரி என்றால், சிக்கல் வழியில் இருக்கலாம். எல்லா ஊரிலும் திறக்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் சர்வரிலேயே இருக்கும். அதனால்தான் ஓர் ஊர் ரோபோ 'ஐயோ' என்றதும் அலாரம் அடிப்பதில்லை. இரண்டு, மூன்று ஊர்கள் ஒரே குரலில் சொன்ன பிறகே இன்ஜினீயரை நடுராத்திரியில் எழுப்புவார்கள்.

ரோபோவுக்குத் தெரியாதது

இந்த ரோபோ சொகுசுக்காரர். ஏ.சி டேட்டா சென்டரில், அதிவேக இணைப்பில் உட்கார்ந்திருப்பவர். நகரும் டவுன் பஸ்ஸில், ஒரு கோடு சிக்னலில், மெமரி நிரம்பிய பழைய போனில் விண்ணப்பம் நிரப்பும் மாணவியின் கஷ்டம் அவருக்குத் தெரியாது. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துச் சோதிக்க வழி இருக்கிறது. ஆனால் அது நடிப்புதான். எனவே, உண்மையான பயனாளர்களின் போன்களில் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் நிறுவனங்கள் தனியாக அளக்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிகளுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

'99.9 சதவிகித நேரம் இயங்கும்' என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீதி 0.1 சதவிகிதம் என்பது வருடத்துக்கு 8 மணி 45 நிமிடங்கள். அது ஞாயிறு அதிகாலையில் வந்தால் யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் வந்தால், ஒருவருடைய ஒரு வருடமே போய்விடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வெப்சைட் திறக்கவில்லையா? முதலில் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் திறக்கச் சொல்லுங்கள். இதுவும் சிந்தெடிக் மானிட்டரிங்கின் எளிய வடிவம்தான்!

* அந்த நிறுவனத்தின் பக்கம் பச்சைக்குறி காட்டுகிறது என்பதற்காக, தவறு உங்கள் போனில்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

* தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். புகார் கொடுக்கும்போது உதவும்.

* பணம் கட்டும்போது பக்கம் உறைந்துவிட்டால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* ஆன்லைனில் சேலையோ ஊறுகாயோ விற்பவரா? 'வெப்பேஜ்டெஸ்ட்' போன்ற கருவிகளில் இலவசமாகவே உங்கள் கடையைச் சோதிக்கலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்களோ அதற்குப் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். 'எங்க கடையில நல்லாத்தான் திறக்குது' என்ற பதிலை எந்த வாடிக்கையாளரும் இரண்டாவது முறை கேட்க வரமாட்டார்!