வாயிலோடு நின்றுவிடும் வைத்தியம்

இலவச வைத்தியம் மக்களின் உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். வைத்தியசாலை வாயிலோடு நின்றுவிடும் உரிமை, தூரத்துக் கமக்காரனுக்குப் பாதி உரிமையே என்பதை யாரே மறுப்பர்?

பிறவிக் குறைபாட்டினால், நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைப் போதிய அளவு ஆக்கவியலாத உடல்கள் உண்டு. நுரையீரலிலும் காதிலும் கிருமி தொற்றி, இவர்கள் மீண்டும் மீண்டும் படுக்கையில் விழுவர். ஆயிரக்கணக்கானோர் ஈந்த குருதியின் நீர்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை, இவர்களுட் பலர் வாழ்நாள் முழுவதும் பெறல் வேண்டும். நாளம் வழியே ஏற்றுவதாயின், மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறை வைத்தியசாலையிற் கிடத்தல் வேண்டும். விதைப்பும் அறுவடையும் அந்நாளுக்காகக் காத்திரா. பிள்ளை நோயாளியாயின், பள்ளி நாளும் பெற்றோரின் கூலி நாளும் ஒருங்கே போகும்.

இதற்கு வேறு வழி உண்டு. 1952 இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் புரூட்டன், எட்டு வயதுச் சிறுவனொருவனுக்கு இம்மருந்தைத் தோலின் கீழேயே செலுத்தினார். சிறு பம்பியின் துணையோடு நோயாளர் தம் வீட்டிலேயே அவ்வாறு ஏற்றிக்கொள்ளலாம் என்பதை 1991 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர். பெரும்பாலும் வாரமொருமுறை சிறிய அளவில் ஏற்றினாற் போதும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது.

நிற்க. மருந்தைப் பையிலிட்டுக் கொடுத்தனுப்புவதே திட்டமாகிவிடாது. அது பொறுப்பைக் கைகழுவுதலாகும். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு பற்றி எழுந்த குற்றச்சாட்டையும், அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியிற் கைதானதையும் நாடறியும். தீர்ப்புக் கூறல் நீதிமன்றத்தின் வேலை. ஆனால், வைத்தியசாலைக் களஞ்சியத்திலேயே ஐயம் புகுமாயின், வீட்டுத் திண்ணையில் இருப்பவனைக் காப்பவர் யார்?

ஆகவே, வீட்டு வைத்தியத் திட்டத்துக்கு நான்கு காப்புகள் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு குப்பியின் தொகுதி இலக்கமும் வைத்தியசாலைப் பதிவேட்டிலும் நோயாளியின் கைப்புத்தகத்திலும் பதியப்படல் வேண்டும். இரண்டு, முதன்முறைகள் வைத்தியசாலையில் தாதியின் கண்முன் நடைபெற்று, நோயாளியோ வீட்டாரோ தேர்ச்சி பெற்ற பின்னரே மருந்து வீடு செல்லல் வேண்டும். மூன்று, குளிர்சாதனப் பெட்டியில்லாக் குடும்பத்துக்காக அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலை மருந்தைக் காத்து வழங்கல் வேண்டும். நான்கு, ஒவ்வாமை நேர்ந்தாற் செய்யவேண்டுவதைக் கூறும் அறிவுறுத்தல் நோயாளியின் மொழியில் அமைதல் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987 இல் 13 ஆவது திருத்தம் விதித்தது. அவ்விதி மருந்துக் குப்பியின் அருகிலும் உயிர்பெறட்டும்.

அதே திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைகளிடமும் ஒப்படைத்தது. மருந்துக் கொள்வனவோ பெரும்பாலும் கொழும்பின் கையிலேயே உள்ளது. தரமான மருந்தைத் தடையின்றி அனுப்புவது கொழும்பின் கடன். தாதியரைப் பயிற்றி அதனை வீடுவரை கொண்டுசேர்ப்பது மாகாணத்தின் கடன். நோயாளர் தொகை சிறிதென்று இருவரும் வாளாவிருத்தலாகாது. தொகை சிறிதாயின் தொடங்குதல் எளிதன்றோ?

பாதி உரிமைக்கு முழு நன்றி கேட்பதை ஆட்சியாளர் இனியாவது விடுவார்களாக.