முயன்றால் மட்டும் போதுமா?

முயன்றால் முடியாதது எதுவுமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வெளியே வந்திருக்க முடியாது. யு.பி.எஸ்.ஆர். தன்முனைப்பு முகாமில் கேட்டோம். எஸ்.பி.எம். முகாமில் கேட்டோம். பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலும் கேட்டோம். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் 42.195 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்ட பிறகு, இந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லா. பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அம்மா காய்கறித் தோட்டத்தில் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குபவர். தேசிய இடைநிலைப்பள்ளியில் குறுக்கோட்டம் ஓடத் தொடங்கினேன். மேடும் பள்ளமுமான தோட்டச் சாலையே என் பயிற்சித் திடல். 2023ஆம் ஆண்டு, படிவம் ஆறில் படித்துக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரில் நடைபெறும் ஒரு பெரிய மராத்தானுக்குப் பெயர் பதிந்தேன்.

அம்மா மூன்றே கேள்விகள் கேட்டார். "எப்படிப் போவ? ராத்திரி எங்க தங்குவ? கூட யாரு வரா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றேன். பெண் பிள்ளையைத் தனியே அனுப்பப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. எண் அட்டையும் சட்டையும் கொண்ட பையைச் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். போட்டி நாளன்று தரமாட்டார்கள். பெரும்பாலான பெருநகர மராத்தான்களில் இதுதான் விதி. நான் சனிக்கிழமை காலையில்தான் புறப்பட்டேன். வார இறுதியில் எங்கள் மலைச்சாலை எப்படியிருக்கும் என்று அங்கே சுற்றுலா வந்தவர்களுக்கே தெரியும். பிரிஞ்சாங்கைத் தாண்டுவதற்குள் தானா ராத்தாவில் ஏற வேண்டிய பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தைப் பிடித்துக் கோலாலம்பூர் வந்தபோது இருட்டிவிட்டது. பை கொடுக்கும் இடமும் மூடப்பட்டிருந்தது. அன்றிரவு பேருந்து நிலைய நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்தேன். எட்டு மாதப் பயிற்சி அத்தோடு போனது.

இங்கே என் முயற்சியில் என்ன குறை? மனவுறுதியில் என்ன குறை? குறைந்தது திட்டம்.

பள்ளியில் திருக்குறள் மனனப் போட்டிக்காக அதிகாரப் பெயர்களை வரிசையாக ஒப்பித்திருக்கிறோம். 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். ஒரு செயலில் இறங்குமுன் அறிய வேண்டியவற்றுக்கு வள்ளுவர் மூன்று தனி அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார். நம் முகாம்களில் இவை அதிகம் பேசப்படுவதில்லை. 2025இல் கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்டர்ட் மராத்தானுக்குத் தயாரானபோது இந்த மூன்றையும் தலைப்பாக வைத்துத்தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்.

முதலில் வலி, அதாவது நம் வலிமை. மலையில் ஏறி இறங்கி ஓடியவளுக்கு நகரத்துச் சாலை எம்மாத்திரம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அது பாதிதான் உண்மை. கேமரன் மலையில் பகல் வெப்பமே பெரும்பாலும் 25 பாகை செல்சியசுக்குக் கீழ்தான். கோலாலம்பூரில் விடியுமுன்பே ஏறக்குறைய அவ்வளவு வெப்பம். காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடற்சூடு இறங்காது. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். ஆகவே குளிர்ப் பகுதியிலிருந்து வருபவர் இரண்டு வாரம் முன்னதாகவே சமவெளியில் ஓடிப் பழக வேண்டும். முடியாதவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்குப் பயந்து தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்புச் சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்கு ஏற்பக் குடிக்க வேண்டும். இடையிடையே உப்புச் சேர்ந்த பானமும் வேண்டும்.

அடுத்தது காலம். வெயிலைத் தவிர்க்க முழு மராத்தானை விடியுமுன் மூன்றரை, நான்கு மணியளவில் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நான்கு மணிக்கு ஓட்டம் என்றால் மூன்றரைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குமுன் கழிவறை வரிசை. அதற்குமுன் பையை ஒப்படைக்கும் வரிசை. ஆகவே இரண்டரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். ரொட்டியும் வாழைப்பழமும் ஒன்றரை மணிக்கு. அப்படியானால் சனிக்கிழமை இரவு தூக்கம் அரைகுறைதான். வெள்ளிக்கிழமை இரவே நன்றாகத் தூங்கிவிட வேண்டும். எண் அட்டை வாங்கக் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது இடம். டத்தாரான் மெர்டேக்காவைச் சுற்றியுள்ள சாலைகள் போட்டிக்காக மூடப்படும். வாடகைக் கார் வாசல்வரை வராது. அருகிலுள்ள எல்.ஆர்.டி. நிலையம் மஸ்ஜிட் ஜாமேக். வழக்கமான முதல் இரயில் காலை ஆறு மணியளவில்தான் வரும். சிறப்புச் சேவை உண்டா என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் தோழியர் நால்வர் நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை எடுத்துச் செலவைப் பகிர்ந்துகொண்டோம். இரண்டு மணிக்கு நால்வராக நடந்தோம். "ராத்திரி எங்க தங்குவ? கூட யாரு வரா?" என்ற அம்மாவின் கேள்விகளுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. இன்னொன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டு புகைமூட்டத்தால் இதே மராத்தான் முதல் நாள் கைவிடப்பட்டது. நம் கையில் இல்லாதவையும் உண்டு என்று மனத்தைத் தயார்ப்படுத்துவதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

இனி காலணி. ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் காலணிகள் கடையில் கண்ணைப் பறிக்கின்றன. 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளை என்ன செய்யும்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றதை நம் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். காலணி தேவையில்லை என்பது அதன் பாடமன்று. கிடைத்த புதுக்காலணி காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியிருந்ததால் அப்படியே ஓடினார். 1964 தோக்கியோவில் காலணி அணிந்து மீண்டும் வென்றார். பழகியதோடு ஓடு என்பதுதான் பாடம். என்னுடையது சலுகை விலையில் வாங்கிய பழைய வகைக் காலணி. மாதக் கணக்கில் போட்டு ஓடியதால் காலோடு ஒட்டிப் போயிருந்தது.

பாட்டி கொழுந்து பறிக்கப் போகும் நாள்களில் கூடை, தலைத்துணி, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே வாசலருகே எடுத்து வைப்பாராம். அட்டை ஏறாதிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வாராம். நானும் சனிக்கிழமை மாலையே எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். நேரம் பதியும் சில்லு ஒட்டிய எண் அட்டை, நான்கு ஊக்குகள், துவைத்துப் பழகிய சட்டை, காலுறை, தொப்பி, கழிவறைத் தாள், அடையாள அட்டை, இருபது ரிங்கிட், இரண்டு வாழைப்பழம். விரலிடுக்கு, அக்குள், உள்ளாடைத் தையல் உராயும் இடங்கள் அனைத்திலும் வாசலின். இத்தனைக்குப் பிறகும் முப்பதாவது கிலோமீட்டரில் கால் கனத்தது. 5 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். மனவுறுதி அந்தக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தேவைப்பட்டது. தொடக்கக் கோட்டுக்கு என்னைக் கொண்டு சேர்த்தது நோட்டுப் புத்தகம்.

1904 செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக் மராத்தானில் 32 பேர் ஓடி 14 பேரே முடித்தார்கள். கடும் வெயில், வண்டிகள் கிளப்பிய புழுதி, வழியில் தண்ணீருக்குப் பஞ்சம். பாதியில் நின்ற 18 பேரும் மனவுறுதி அற்றவர்களா? ஏற்பாடு சரியில்லாதபோது தோற்றவனைப் பார்த்து "நீ முயலவில்லை" என்பது அநியாயம். தோட்டத்துப் பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி அதைத்தான் சொல்கிறோம். நேர்முகத் தேர்வுக்கு வராதவர், உபகாரச் சம்பளப் பாரத்தைக் கடைசி நாளில் தவறவிட்டவர் என்று பலரை நாம் அறிவோம். அவர்களில் எத்தனை பேர் சோம்பேறிகள்? எத்தனை பேருக்கு நகரத்தில் ஓர் இரவு தங்க இடமில்லை?

2023இல் எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னர்தான் அறிந்தேன். பல போட்டிகளில் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கொடுத்தால் நமக்காக வேறொருவர் பையை வாங்கி வைக்கலாம். கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதும், அன்று ஓடியிருப்பேன்.

வசதியுள்ளவர் திட்டமிடத் தவறினால் பணத்தைக் கொடுத்துச் சரிசெய்துகொள்வார். நமக்கு அந்த வழி இல்லை. ஆகவே நமக்குத்தான் திட்டம் கூடுதலாக வேண்டும், தெரிந்த முகமும் வேண்டும். நம் கழகத்தில் அந்த முகங்கள் நிறைய உண்டு. தலைநகரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களே, ஆண்டுக்கு இரண்டு இரவு உங்கள் வரவேற்பறையைத் தர இயலுமா? ஓடி முடித்து அலமாரியில் கிடக்கும் நல்ல காலணியைக் கழக அறைக்கு அனுப்ப இயலுமா? தன்முனைப்பு முகாம் நடத்தும் நண்பர்களே, நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, பேருந்து அட்டவணையையும் பாரங்களையும் எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுக்க இயலுமா?

நானே தொடங்குகிறேன். அடுத்த மராத்தானுக்கு மலையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ தங்கைகள் யாரேனும் வருவதாக இருந்தால் கழகச் செயலாளரிடம் சொல்லுங்கள். எண் அட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்கிறேன். என் வாடகை அறையில் இன்னும் இருவர் படுக்க இடமிருக்கிறது. உங்கள் அம்மா கேட்டால் அதையே சொல்லுங்கள்.