நம்பரை நம்பாதீங்க, காதை நம்புங்க

இன்டர்னல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி, மணி இரண்டு. யூடியூப்ல அமெரிக்காக்காரர் ஒருத்தர் பார்க் புல்தரையில் மெட்டல் டிடெக்டரை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கிறார். 'பீப்' என்று ஒரு சத்தம். மண்டியிட்டு, புல்லை மூடி மாதிரி வெட்டித் தூக்கி, மண் அப்பிய ஒரு சின்னக் காசை எடுக்கிறார். விரலால் துடைத்தால் வெள்ளி பளபளக்கிறது. 1944-ஆம் வருடத்து டைம், அதாவது பத்து சென்ட். இன்னும் ஒரே ஒரு வீடியோ பார்த்துட்டுத் தூங்கிடலாம்னு நீங்களும் நினைச்சிருப்பீங்க. நானும்தான்.

இந்தப் பொழுதுபோக்கில் தீராத சண்டை ஒன்று இருக்கு: மெஷின் புதுசா, பழசா? புதுசு வாங்கு, திரையே எல்லாத்தையும் சொல்லிடும் என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. காசு தேடக் கற்றுக்கொள்கிறவருக்கு 80, 90-களில் வந்த மெஷின்தான் நல்ல வாத்தியார் என்பது என் வாதம். பழசின் மேல இருக்கிற பாசத்துல சொல்லலை. இயற்பியல் அப்படித்தான் இருக்கு.

முதலில் ஆழம். காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். காசில் உண்டாகும் சுழல் மின்னோட்டத்தின் புலம் திரும்பி வரும்போதும் அதே கதை. ரெண்டையும் பெருக்கினால், தூரத்தில் இருக்கும் சின்னக் காசின் சிக்னல் ஆறாம் அடுக்கில் விழுகிறது. ஒரு காசை இரண்டு மடங்கு ஆழத்தில் கண்டுபிடிக்க 64 மடங்கு சென்சிடிவிட்டி வேணும். மண்ணில் இருக்கிற தாதுக்கள் கொடுக்கிற இரைச்சல் வேற தனி. அதனால்தான் 30 வருட எலக்ட்ரானிக்ஸ் முன்னேற்றத்துக்குப் பிறகும், சாதாரண மண்ணில் நல்ல பழைய மெஷினுக்கும் புதுசுக்கும் ஆழத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆணி, காசு, டின் மூடி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போது வேகமாகப் பிரித்துச் சொல்வதில்தான் புது மெஷின் ஜெயிக்கும். அதை மறுக்க முடியாது.

அடுத்தது அடையாளம். அமெரிக்காவில் டைம், குவார்ட்டர் காசுகள் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி. 1965-லிருந்து செம்பு-நிக்கல் கலவை. காசு தேடுபவர் குறிவைப்பது அந்தப் பழைய வெள்ளியை. வெள்ளி நல்ல கடத்தி, அதனால் அதிலிருந்து வரும் சிக்னலின் ஃபேஸ் ஷிஃப்ட் அதிகம். இரும்பும் அலுமினியத் தாளும் ஸ்கேலின் கீழ்ப்பக்கம் நிற்கும். நடுவில்தான் சிக்கல். ஐந்து சென்ட் நிக்கல் காசு, சோடா டின்னைத் திறக்கும் அலுமினிய வளையம், தங்க மோதிரம், மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஃபேஸ்தான். எந்த மெஷினாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், இந்த மூன்றையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. குப்பை வேண்டாம்னு வளையத்தை டிஸ்கிரிமினேஷனில் தள்ளிவிட்டால், மோதிரமும் சேர்ந்து போயிடும். திரையில் வரும் நம்பர் இதைச் சொல்லாது. அளந்தது ஒரு கோணம். அதற்குப் பெயர் வைத்தது ஒரு அட்டவணை.

இனி மெஷின்களுக்கு வருவோம்.

டெசோரோ. அரிசோனாவில் செய்தது. பாண்டிடோ, சில்வர் சேபர் மாதிரி மாடல்களில் திரையே கிடையாது. சில குமிழ்கள், ஒரே ஒரு பீப். சத்தம் கேட்டதும், காயிலை அதே இடத்துக்கு மேல வீசிக்கொண்டே டிஸ்கிரிமினேஷன் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் சத்தம் உடைந்து மறைகிறதோ, அந்த இடம்தான் உள்ளே கிடப்பது என்ன என்பதற்கான துப்பு. கவனிச்சீங்களா? நீங்க கையால ஃபேஸை அளக்கிறீங்க. லேப்ல ஆசிலோஸ்கோப் முன்னாடி நின்று புரியாதது இங்க கட்டைவிரல்ல புரியும். எடை குறைவு, ஆணிக்காட்டில் வேகமும் அதிகம். மாணவர் ஒருத்தர் ஒரே ஒரு மெஷின்தான் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வைட்ஸ் எக்ஸ்.எல்.டி. ஓரிகானில் செய்தது, 6.59 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண். திரை உண்டு, நம்பர் உண்டு, விருப்பப்படி மாற்ற ஏகப்பட்ட செட்டிங் உண்டு. நிக்கல் காசுக்கு 20 பக்கம், வெள்ளி டைமுக்கு 80 பக்கம் என நம்பர் வரும். நம்பர் எப்படிப் பொய் சொல்லும் என்று கற்றுக்கொள்ளவும் இதே மெஷின் உதவும். அதே டைம் ஆழமாகப் போனாலோ, பக்கத்தில் துருப்பிடித்த ஆணி இருந்தாலோ நம்பர் தாவ ஆரம்பிக்கும். சத்தம் மட்டும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வரும். பழகினவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தோண்டுவார்.

ஃபிஷர் சி.இசட்-6. 5, 15 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்கள். இரும்புக்குத் தாழ்ந்த சுருதி, நிக்கல்-வளையம் வட்டாரத்துக்கு நடுச் சுருதி, வெள்ளி, செம்புக் காசுகளுக்கு உயர்ந்த சுருதி. மூன்றே ஸ்வரம்தான், ஆனா கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாம். இரண்டு அதிர்வெண்களையும் ஒப்பிட்டு மண்ணின் சிக்னலையும் உப்பின் சிக்னலையும் கழிக்கும் முறை, இன்றைய பல அதிர்வெண் மெஷின்களுக்கு அண்ணன் முறை.

மைன்லேப் சவரின். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1.5 முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை 17 அதிர்வெண்கள் என்பது விளம்பரம். சின்னதாக ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்புக்கு மேல போனால் அது அமைதியாகிவிடும். சத்தம் வரும் இடத்தைத் தேடுகிற நமக்கு, மௌனத்தையும் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மெஷின் இது. தாது அதிகமுள்ள மண்ணிலும் உப்புக் கடற்கரையிலும் நிதானமாக நிற்கும். ஆனால் மெதுவாகத்தான் வீச வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

இதற்கும் முந்தைய பி.எஃப்.ஓ. வகையை வாங்க வேண்டாம். இரண்டு ஆசிலேட்டர்களின் அதிர்வெண் வித்தியாசத்தைக் காதில் கேட்கும் முறை அது. ஆழம் சில அங்குலம், ஆணிக்கும் காசுக்கும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. நம்ம மினி ப்ராஜெக்ட்டில் காயில் சுற்றி 555 ஐசி வைத்துச் செய்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். செய்து பார்க்கலாம், தேடப் போகாதீங்க.

பழசின் குறைகளையும் சொல்லணும், இல்லைன்னா இது விளம்பரம் ஆகிடும். டெசோரோ 2018-லேயும் வைட்ஸ் 2020-லேயும் மூடியாச்சு. டெசோரோவின் ஆயுள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது கொடுப்பதற்கே ஆள் இல்லை. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கும், குமிழைத் திருப்பினால் கரகரக்கும், பேட்டரி கசிந்து முனைகள் பச்சை பூத்திருக்கும், காயில் கேபிள் உள்ளுக்குள்ளே அறுந்திருக்கும். ஆனால் யோசிங்க: இதில் முக்கால்வாசி, சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருக்கிற இரண்டாம் வருட மாணவர் சரிசெய்யக்கூடிய கோளாறு. கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் மட்டும் வாங்காதீங்க. காயிலைப் பிரிப்பது பெரிய தலைவலி.

'பழைய மெஷினில் என்ன பெரிசா கிடைச்சிடும்?' என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கு. 2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில், டெர்ரி ஹெர்பர்ட் ஒரு வயலில் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துத் தங்கப் புதையலைக் கண்டுபிடித்தார். மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அவர் கையில் இருந்தது 14 வருடப் பழைய டிடெக்டர்.

எனக்கு அவரைவிடப் பெரிய ஹீரோ எரிக் லாஸ். 1992 நவம்பரில், ஹாக்ஸன் என்ற ஊரில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். ரோமானியக் காலத்துத் தங்கமும் வெள்ளியும் வர ஆரம்பித்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? முழுசாகத் தோண்டி எடுக்காமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டியதால், கிட்டத்தட்ட 15,000 காசுகளோடு, அவை ஒரு பெட்டியில் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பதும் தெரிந்தது. காசு எங்கே, எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கு. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இதை நம்ம ஊருக்கும் சேர்த்தே சொல்றேன். மெஷின் கையில் வந்ததும் மனசு பழைய கோட்டைக்கும் கரூர் அமராவதி ஆற்றுப்படுகைக்கும் ஓடும். ஓட விடாதீங்க. இந்தியப் புதையல் சட்டம், 1878-ன்படி மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் பக்கம் தோண்டுவது அதைவிடப் பெரிய வினை. அங்கே ஒரு குழி போட்டால், நாளைக்கு அகழாய்வு செய்ய வருபவரின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி. வீட்டுக் கொல்லையில் நீங்களே பத்துக் காசு, நாலு ஆணி, ரெண்டு சோடா மூடியைப் புதைத்து வைத்து, வேறு ஒருத்தரை விட்டுத் தேடச் சொல்லுங்க. பயிற்சிக்கு அது போதும்.

அப்போது திரையை ஒரு துணியால் மூடிவிடுங்க. சத்தத்தை மட்டும் கேட்டு, கிடப்பது என்னவென்று ஒரு நோட்டில் எழுதிய பிறகு தோண்டுங்க. முதல் நாள் பாதிக்கு மேல் தப்பாகும். சில வாரத்தில் காது பிடிபடும். அதற்கப்புறம் எவ்வளவு புது மெஷின் வேணும்னாலும் வாங்குங்க. திரை பொய் சொல்லும்போது உங்களுக்குத் தெரிஞ்சிடும்.