ஹாங்காங்கில் நிலம் யாருடையது?

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிக்கும் நண்பர்களோடு விவாதம் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் ஹாங்காங் வந்துவிடுகிறது. அதாவது, 1997-க்கு முந்தைய ஹாங்காங். பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கவரி இல்லாத துறைமுகம், மிகக் குறைந்த வருமானவரி, வணிகத்தில் தலையிடாத அரசு. இம்மூன்றும் சேர்ந்து அகதிகளின் தீவைச் செல்வபுரியாக்கின என்பது கதை. மில்டன் ஃப்ரீட்மன் 1980-இல் தொலைக்காட்சித் தொடரில் இதைச் சொன்னார். நம்மவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதை பொய்யன்று. பாதிக் கதை என்பதே நமது குற்றச்சாட்டு.

1961 முதல் 1971 வரை நிதிச் செயலராக இருந்த ஜான் கௌபர்த்வெய்ட் தேசிய வருமானப் புள்ளிவிவரங்களைத் திரட்டவே தயங்கியவர். எண்கள் கையிலிருந்தால் அதிகாரிகளுக்குத் திட்டம் போடும் ஆசை வந்துவிடும் என்பது அவரது அச்சம். (அதிகாரவர்க்கத்தை அறிந்த எவரும் இதை ரசிக்காமல் இருக்க முடியாது.) ஆனால் அவர் காலத்திலும், முன்னும் பின்னும், ஒரு தேவாலயத்தின் மனை நீங்கலாக ஹாங்காங்கின் நிலம் முழுவதும் அரசுடைமை. குத்தகை உரிமை மட்டுமே ஏலத்துக்கு வந்தது. அதுவும் அளந்து அளந்து. கட்டுமான நிறுவனம் அரசுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தைக் கடைக்காரரும் குடித்தனக்காரரும் வாடகையாகவும் வீட்டுவிலையாகவும் திருப்பிக் கட்டினார்கள். வரி குறைவாக இருந்த ரகசியத்தில் பெரும்பங்கு இதுதான். நிலத்துக்கு ஒரே முதலாளி, அவரே அரசாங்கம் என்றால், அதற்குச் சுதந்திரச் சந்தை என்று பெயரிட யாருக்கு மனம் வரும்?

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப்பகுதி எரிந்து ஐம்பதாயிரம் பேருக்குமேல் வீடிழந்தனர். மறுஆண்டு முதல் அரசே அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கிற்று. 1990-களில் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அரசு கட்டிய வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். உலகமெங்கும் சென்ற மலிவான சட்டைகளையும் பிளாஸ்டிக் பூக்களையும் செய்தவர்களின் கூலி குறைவாக இருக்க முடிந்ததற்கு இந்த மலிவு வாடகையும் ஒரு காரணம். அரிசி இறக்குமதிக்கு அரசுக் கட்டுப்பாடு. 1965 முதல் குடிநீர் சீனத்தின் டோங்ஜியாங் ஆற்றிலிருந்து. விற்றவர் கம்யூனிச அரசு. ஆட்சி மாற்றப் பேச்சுவார்த்தையின் பீதியில் நாணயம் சரிந்தபோது, 1983 அக்டோபரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 என விலையைக் கட்டிப்போட்டதும் அரசுதான்.

இவையெல்லாம் விதிவிலக்குகள் என்பார்கள். நிலம், வீடு, அரிசி, நீர், நாணயம் ஆகியவற்றை விலக்கிவிட்டால் விதிக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறோம்.

1984 கூட்டறிக்கையைப் படித்தாலே போதும். அதன் மூன்றாம் இணைப்பு முழுவதும் நிலக் குத்தகை பற்றியது. 1997 வரை ஆண்டுக்கு ஐம்பது ஹெக்டேர் என்பது உச்சவரம்பு. செலவு போக நில வருவாய் காலனி அரசுக்கும் வரவிருக்கும் அரசுக்கும் சரிபாதி. இரண்டு அரசுகளும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தன. அங்கே வாழ்ந்தவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. சட்டமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தது 1991-இல்தான், அதுவும் அறுபதில் பதினெட்டு இடங்களுக்கு.

வீட்டுவிலை 1997-இல் உச்சம் தொட்டு, 2003-க்குள் அறுபது சதவீதத்துக்குமேல் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர், வீட்டின் மதிப்பைவிடப் பெரிய கடனோடு அந்த வீட்டிலேயே குடியிருந்தார்கள்.