திறவுகோல் எவர் கையில்?

சிறுவர் கைப்பொறியில் ஆடும் விளையாட்டொன்றை மொழிப்பற்றாளர் ஆய்வதா எனச் சிலர் நகைக்கலாம். நகைப்போர் நகைக்க. ஞாலமெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற ஒரு பொறியைப் பற்றித் தமிழர் எண்ணாது வாளாவிருப்பின், அதைப் பற்றி எண்ணும் உரிமை விற்றவனுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

சப்பானின் கியோட்டோ நகரில் 1889இல் பூச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அது 2004இல் இரு திரைகள் கொண்ட கையடக்க விளையாட்டுப் பொறியொன்றை வெளியிட்டது. அதன் கீழ்த்திரை தொடுதிரை. அப்பொறிக்கென அந்நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு ஆக்கி, 2006இல் வெளிவந்த அறிவியற் புனைவுச் சுடுபோர் விளையாட்டே 'மெட்ராய்டு பிரைம் அண்டர்சு'. தமிழில் 'வேட்டுவர்' என்க.

அதன் கதை வருமாறு: அலிம்பியர் என்றோர் இனம் விண்வெளியின் ஒரு மூலையில் சிறந்து வாழ்ந்தது. கோரியா என்னும் கொடிய உயிரி வானினின்று வீழ்ந்து அவ்வினத்தைத் தாக்கியது. எப்படைக்கலத்திற்கும் அது மடியாமை கண்ட அலிம்பியர், தம் உயிராற்றல் முழுவதையும் திரட்டி, தம்மையே ஈந்து, அதனைச் சிறைப்படுத்தினர். இனம் அழிந்தது; சிறை நின்றது. நெடுங்காலங் கழித்து, 'ஈடிலா ஆற்றல் அங்குண்டு' என்னும் செய்தி விண்ணெங்கும் பரவ, அதைத் தேடி வேட்டுவர் எழுவர் வருகின்றனர். அவருள் ஒருத்தி சாமசு அரான். 1986இல் வெளிவந்த முதல் மெட்ராய்டு விளையாட்டின் முடிவில், மெய்ம்மறை நீங்கியபோது பெண்ணென வெளிப்பட்டு, ஆடினோரை வியக்கவைத்த மறத்தி.

அவள் சுடுவதோடு நில்லாள். அழிந்த இனத்தார் விட்டுச்சென்ற பொறிப்புகளைத் தன் தலைமூடியின் ஆய்கண்ணாடியால் துருவிப் படிக்கின்றாள். ஆட்டத்தின் நிலைக்களங்களுள் ஒன்று, அவ்வினத்தின் ஆவணங்கள் காக்கப்பட்ட விண்ணகக் காப்பகமே. தமிழன் உற்றுநோக்க வேண்டிய இடம் இது. அலிம்பியர் மொழியைப் பேச நாவொன்றும் எஞ்சவில்லை. அவர்தம் எழுத்தைப் படிப்போர் அயலார். படிப்பதும் தம் வேட்டைக்குத் துணையாகவே. பேசுவார் அற்ற மொழிக்குக் காப்பகம் இருந்தும் பயன் என்னை?

விளையாட்டின் நிறைகுறைகளையும் நடுநின்று சொல்லுதல் வேண்டும். வலக்கை எழுதுகோல் கீழ்த்திரையில் நகருமாறே வேட்டுவரின் பார்வையும் குறியும் நகர்தல் அந்நாளில் புதுமை. சிறு பொறிக்குள் அத்துணை விரைவான போரை அடக்கியது பெருந்திறன். எனினும் நெடும்பொழுது ஆடின் கை வலிக்கும். திரட்ட வேண்டிய எட்டுக் கற்களைக் காப்பன இருவகைக் காவலுருக்களே. சிறுசிறு மாற்றங்களோடு அவையே மீண்டும் மீண்டும் வருதலால் தனியாட்டம் சலிப்பூட்டுகின்றது. அதன் உயிர்நிலை பலர் கூடியாடும் ஆட்டமே. இணையத்தின் வழி, நாடு கடந்தும் நால்வர் ஒரே களத்தில் பொருதலாம், போர்முறைகள் ஏழு. நண்பராகப் பதிந்துகொண்டோர் போருக்கு முன்னும் பின்னும் வாய்விட்டுப் பேசவும் வழி வைத்திருந்தனர்.

அப்பொறி வெளிவந்தபோது அதில் தெரிந்தெடுக்க வைத்த மொழிகள் ஆறு: சப்பானியம், ஆங்கிலம், பிரஞ்சு, செருமன், இத்தாலியம், இசுபானியம். தமிழ் இல்லை. ஆயின் குரலுக்கு எழுத்துரு வேண்டா. தமிழர் இருவர் அக்களத்தில் எதிர்ப்பட்டிருப்பின், தமிழிலேயே பேசியிருக்கலாம், தடுப்பார் எவருமிலர். பேசியிருப்பரா என்பதைத் தமிழர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டறிக.

அக்குரலும் நிலைக்கவில்லை. 2014 மே 20ஆம் நாள் நிண்டெண்டோ அவ்விணையப் பணியை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு வாங்கினோர் கையில் இருந்தது. பொறியும் பழுதின்றி இயங்கியது. ஆயினும் பிற நாட்டாரோடு பொருதும் களம் மறைந்தது. கரணியம் எளியது. களத்தின் திறவுகோல் ஒருநாளும் ஆடுவோர் கையில் இருந்ததில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. ஆர்வலர் சிலர், அப்பொறி நிறுவனத்தின் வழங்கியோடு உரையாடும் முறையைத் துருவியறிந்து, தாமே மாற்று வழங்கிகளை நிறுவினர். அழுது நில்லாமல், திறவுகோலைத் தாமே வடித்துக்கொண்டனர்.

பிரஞ்சுக்காரரைப் பாருங்கள். மின்விளையாட்டுத் துறையில் மண்டிய ஆங்கிலச் சொற்களுக்கு மாற்றான பிரஞ்சுச் சொற்களை அந்நாடு 2022 மே திங்களில் அரசிதழில் வெளியிட்டது. அரசுப் பணியாளர் அவற்றையே ஆளல் வேண்டும். விளையாட்டுச் சொல்தானே என்று அவர் விட்டாரல்லர்.

தமிழிலும் சொல்லாக்க வளத்திற்குக் குறைவில்லை. தொடுதிரை, வழங்கி, எழுத்துரு, இணையம் எனச் சொற்கள் பிறந்து வழக்கூன்றிவிட்டன. ஆயின் ஒன்றை ஒளியாது உரைத்தல் வேண்டும். பிறர் ஆக்கிய பொருளுக்குப் பெயர் மட்டும் சூட்டி மகிழ்வது, பிறர் வீட்டு வாயிலில் தமிழ்ப் பெயர்ப்பலகை மாட்டுவதை ஒக்கும். வீட்டுக்காரன் கதவை அடைத்தால், பலகையும் உடன் உள்ளே போகும். தனித்தமிழ் அன்பர்கள் சொற்பட்டியலோடு அமைதியுறுதல் போதாது.

பொறியியல் கற்ற தமிழிளைஞர் பல்லாயிரவர் அயல் நிறுவனங்களுக்கு நிரல் எழுதுகின்றனர். அவருள் பதின்மர் கூடித் தமிழில் ஒரு சிறு விளையாட்டை ஆக்கட்டும். அதன் நிரலை எவரும் படிக்கத் திறந்து வைக்கட்டும். அதன் வழங்கியைத் தமிழரே நடத்தட்டும். முதலாக்கம் எளியதாய் இருப்பினும் இழுக்கில்லை. பூச்சீட்டில் தொடங்கியவரே ஞாலச் சந்தையைப் பிடித்தனர். தமிழ்ப் பிள்ளைகள் தமிழிற் பேசித் தமிழில் ஆடுங் களம் தமிழர் கையில் இருக்குமாயின், அதை எந்நாளும் எவரும் அடைக்க இயலாது.

திறவுகோலை வடிப்பீர், தமிழ் இளையீர்!