மூடி போடாத பீன்ஸ்

காலை நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும்போது, பாசாரில் கேமரன் மலை பீன்ஸைப் பார்த்தால் விடமாட்டேன். வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். சத்தம் வராத பீன்ஸ் நமக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். “இதெல்லாம் ஒரு சாப்பாடா?” என்று தட்டை நகர்த்துபவருக்கு ருசியை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டுமே!

இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, ஈரம் துடைத்த 300 கிராம் பீன்ஸை ஒரு கரண்டி எண்ணெயில் அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை வதக்குங்கள். பாதி ருசி அந்தக் கருகலில்தான். பிறகு தண்ணீர் தெளித்து 5 நிமிடம் வேகட்டும். மூடவே கூடாது. காயிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு வெளியேறாவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். எலுமிச்சைச் சாற்றையும் அதனால்தான் அடுப்பை அணைத்த பிறகு பிழிகிறேன். கடுகு, தட்டிய பூண்டு, காய்ந்த மிளகாய், சிவக்க வறுத்த தேங்காய்ப்பூ எல்லாம் தனியே தாளித்து மேலே. உப்பு கால் தேக்கரண்டி போதும்.

பிளாச்சான் சேர்த்தால் தெருவே மணக்கும். ஆனால் அதில் உப்பு அதிகம். அது எனக்கும் தம்பிக்கும் மட்டும், தனிக் கிண்ணத்தில்.

அப்பா இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார். உப்புக் கணக்கை நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்! பயத்தங்காய் கிடைத்தாலும் இதே முறைதான்; விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள்.